கெர்னலைக் கெடுத்தது நான்தான்!

டெலிபோனை வைத்ததும் வேம்புலி செருப்பைத் தேடினான்.

"கெளம்புங்க மேடம். மிலிட்டரி கேசு."

"யாரு போன்ல?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"பரந்தாமன்னு ஒருத்தரு. அயுவாத கொறையா பேசுறாரு. அவங்க கர்னலுக்கு எதிர்ல நிக்கற எட்டு பேரையும் அடையாளம் தெரியலையாம். யாரோ வேணும்னே பண்ணிட்டாங்களாம். மருந்து கிருந்து குட்த்துட்டாங்களோ இன்னாவோ, பாவம்."

"கர்னல் வீடு எங்கே?"

"ஊட்டு அட்ரஸ் தரலை. அம்பத்தூர் எஸ்டேட்டுல தாமரை சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி. ஆவடியில ரிட்டயர் ஆயிட்டு அங்க வேலை பாக்கறாரு போலகீது."

சாமுண்டீஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் அவள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்காமல் இருப்பதற்காக அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. கேட்பதற்கும் யாராவது கொடுப்பார்கள் என்று ஒருநாள் தோன்றியதும், வேலையை உதறிவிட்டு மேனாம்பேட்டில் ஒரு மாவு மில்லுக்கு மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். தேடி வருகிறவர்கள் துக்கத்தோடு ஏறி, தலையில் மாவோடு இறங்குவார்கள். உதவியாளன் வேம்புலிக்கு இரண்டு வேலை. ஒன்று ஸ்கூட்டர் ஓட்டுவது. இன்னொன்று பேசுவது. இரண்டாவதை நிறுத்தச் சொல்லி அவள் பலமுறை கெஞ்சியிருக்கிறாள்.

எஸ்டேட்டில் தாமரை சிஸ்டம்ஸைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு பெயிண்ட் குடோனுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி போர்டு. தொண்ணூற்று ஆறாம் வருடத்தில் கம்ப்யூட்டருக்குச் சாமிக்குரிய மரியாதை இருந்தது. உள்ளே ஏசி ரிப்பேருக்குப் போயிருந்ததால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியாக லேத் பட்டறையின் கீச்சுச் சத்தம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

முதலாளி பரந்தாமன் வழுக்கை மண்டையில் வியர்வையோடு எதிர்கொண்டார்.

"கர்னல் ஐயா எங்க படுத்துகீறாரு?" என்றான் வேம்புலி பக்தியோடு.

பரந்தாமன் மேஜை மேலிருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். "இதுக்குள்ள."

வேம்புலி பெட்டியைப் பார்த்தான். பிறகு மேடத்தைப் பார்த்தான். பிறகு கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை.

"கர்னல் இல்லப்பா, கெர்னல்" என்றார் பரந்தாமன். "கம்ப்யூட்டருக்கு உயிரே அதுதான். மத்த புரோகிராம் எல்லாம் அது மேலதான் ஓடும். எந்த மெஷின்ல என்னென்ன இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி நாமளே அதைத் தயார் பண்ணிக்கணும். பண்றதுக்கு முன்னாடி அது வரிசையா கேள்வி கேக்கும். ஃப்ளாப்பி வேணுமா? பிரிண்டர் வேணுமா? நெட்வொர்க் வேணுமா? வேணும்னா Y. வேணாம்னா N. பதிலை எல்லாம் கான்ஃபிக்னு ஒரு ஃபைல்ல எழுதிக்கும். அந்த ஃபைல்ல உள்ளபடிதான் கெர்னல் உருவாகும்."

"நம்ம மெஸ்ஸுல சாம்பார் வேணுமா, ரசம் வேணுமான்னு கேக்கற மாதிரி" என்றான் வேம்புலி.

"அதேதான். ஆனா இங்க ரசம் வேணாம்னு சொல்லிட்டு அப்புறம் கையைத் தூக்கினா வராது. மறுபடியும் முதல்லேர்ந்து பந்தியில உக்காரணும்."

இந்தப் பெட்டி கோயமுத்தூர் ஆலை ஒன்றுக்காகச் செய்தது. திரையும் கீபோர்டுமாக எட்டு டெர்மினல்கள், எட்டு குமாஸ்தாக்கள், எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர். எட்டையும் இணைப்பதற்கு உள்ளே மல்டிபோர்ட் கார்டு என்று ஒன்று. அந்தக் கார்டு வேணுமா என்ற கேள்விக்கு ஃபைலில் N என்று பதில். அதனால் எட்டு டெர்மினலும் இருட்டாகக் கிடந்தன. இருக்கும் பதில்களிலேயே அந்த ஒன்றுதான் தப்பு. தப்பாகவே கூடாத பதிலும் அதுதான்.

"பதில் சொன்னது யாரு?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"பாஸ்கல்னு எங்க இன்ஜினியர். கெட்டிக்காரப் பையன். ஆனா அன்னிக்கு அவனுக்கு மெட்ராஸ் ஐ. ஸ்கிரீனைப் பார்க்க முடியாது. எங்களுக்கும் ஒட்டிக்கக் கூடாதுன்னு அதோ அந்தக் கதவோரமா உக்கார வெச்சேன். டைப்பிஸ்ட் ஞானசௌந்தரி கேள்வியைப் படிப்பா, அவன் அங்கேர்ந்து Y, N சொல்லுவான், அவ அடிப்பா. ரூம்ல வேற யாருமில்லை."

"அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தர். ரெண்டு பேரும் நான் இல்லைங்கறாங்களா?"

பரந்தாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்படிச் சொன்னா நான் ஏன் மேடம் உங்களைக் கூப்பிடறேன்? காலையில பாஸ்கல் வந்தான். 'சார், கெர்னலைக் கெடுத்தது நான்தான், சௌந்தரியை ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னான். அவன் அந்தப் பக்கம் போனதும் சௌந்தரி வந்தா. 'சார், கெர்னலைக் கெடுத்தது நான்தான், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னா."

வேம்புலிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சார், ஒரு திருட்டுக்கு ஒரு திருடன் கெடைக்காம ஊரே அலையுது. உங்களுக்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

"விளையாடாதப்பா. சாயங்காலம் ஆலைக்காரங்க பார்க்க வர்றாங்க. ரெண்டு பேர்ல யாரு பண்ணதுன்னு தெரிஞ்சா அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டு, மத்தவரை வெச்சு சரி பண்ணிடுவேன். தெரியாம ரெண்டு பேரையும் அந்தப் பெட்டிகிட்ட விட மாட்டேன்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"கல்யாணம். ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் ஓலை படிக்கறாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு சாமியார் கேப்பாரே, அதான்."

பாஸ்கல் பின்பக்க வராந்தாவில், பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முத்தாபுதுப்பேட்டைப் பையன். நல்ல உயரம். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது முகத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"நான்தான் மேடம் பண்ணேன். Y சொல்ல வேண்டிய இடத்துல N சொல்லிட்டேன்."

"சரி. அதை எப்படி மறைக்கலாம்னு இருந்தீங்க?"

பாஸ்கல் விழித்தான். அதை அவன் யோசிக்கவில்லை.

"ஃபைலைத் திறந்தா முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுடுமே தம்பி. இவ்வளவு படிச்சவரு, இவ்வளவு மட்டமாவா சதி பண்ணுவாரு?"

தன் மானமா, தன் காதலா என்று பாஸ்கல் சற்று நேரம் தடுமாறினான். கடைசியில் இன்ஜினியர்தான் ஜெயித்தான்.

"நான் பண்ணலை மேடம். சத்தியமா N னு நான் சொல்லவே இல்லை. அந்தக் கார்டுக்காகத்தானே இவ்வளவு பாடும்? அப்படின்னா… அவதானே அடிச்சிருக்கணும்? மெஷின் ஓடிடுச்சுன்னா ஒரு வருஷம் நான் கோயமுத்தூர்ல போய் உக்காரணும். அது அவளுக்குப் பிடிக்கலை. சார்கிட்ட சொல்லிடாதீங்க. என் வேலை போனா வேற கிடைக்கும். அவளுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது."

"அன்னிக்கு அவங்க கோபமா இருந்தாங்களா?"

"அன்னிக்கு அவ சரியாவே இல்லை மேடம். நடுவுல திடீர்னு 'இன்னிக்கு நான் சீக்கிரம் போகணும்'னா. ஏன்னு கேட்டேன். பதிலே இல்லை. கேக்காத மாதிரி அடுத்த கேள்வியைப் படிச்சா. எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. கண்ணு வேற எரிச்சல்."

"அழுதீங்களா?" என்றான் வேம்புலி.

"மெட்ராஸ் ஐங்க."

"அப்படித்தான் நாங்களும் சொல்லுவோம்."

ஞானசௌந்தரி ரிசப்ஷன் மேஜையில் டைப் மிஷினுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிற பெண். வேலை போகப் போகிற நேரத்தில் ஒரு பெண் எப்படி இருப்பாள்? இவள் அப்படி இல்லை. இட்ட வேலையைச் செய்துகொண்டே தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பண்ணேன்" என்றாள், கேட்பதற்கு முன்பே.

"பாஸ்கல் உண்மையைச் சொல்லிட்டாரும்மா" என்றாள் சாமுண்டீஸ்வரி. அவன் எந்த உண்மையைச் சொன்னான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சௌந்தரியின் முகம் மாறியது. "சொல்லிட்டாரா? ஐயோ, அவரைக் காட்டிக் கொடுத்துடாதீங்க மேடம். அவருக்கு வேலை போச்சுன்னா எங்கப்பா ஓலையே படிக்க விட மாட்டாரு. அதனாலதான் நான் பழியை ஏத்துக்கிட்டேன். அவரு N னு சொன்னாரு, என் ரெண்டு காதால கேட்டேன். எனக்கே திக்குனுச்சு. ஆனா அவரு இன்ஜினியர், நான் டைப்பிஸ்ட். அடிச்சிட்டேன். அப்புறம் டெர்மினல் எதுவும் எரியலைன்னு தெரிஞ்சப்போதான் விஷயம் புரிஞ்சுது."

"என்ன விஷயம்?"

சௌந்தரி மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னை விட்டுட்டுக் கோயமுத்தூர் போக மனசில்லை மேடம். வாயைத் திறந்து ஒரு ஆசை வார்த்தை சொல்லத் தெரியாது அவருக்கு. நிச்சயத்தன்னிக்குக்கூட எங்கப்பாகிட்ட ஹார்ட் டிஸ்க்கைப் பத்தித்தான் பேசினாரு. அப்படிப்பட்டவரு எனக்காக ஒரு கெர்னலையே கெடுத்திருக்காரு."

வேம்புலி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். சாமுண்டீஸ்வரி அவன் காலை மிதித்தாள்.

"ஆனா ஒண்ணு" என்று சௌந்தரி உதட்டைச் சுழித்தாள். "அவ்வளவு பாசத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கறாரு. ஓலை விஷயமா ஃபாதரைப் பார்க்கணுமேன்னு, இன்னிக்கு சீக்கிரம் போகணும்னு சொல்றேன். என்ன, ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கார்டுக்குத்தான் பதில் சொன்னாரு. நான் சொன்னது காதுலயே ஏறலை."

"கார்டுக்குப் பதில் சொன்னது அப்போதானா?"

"ஆமா. அந்தக் கேள்வியைப் படிச்சிட்டுத்தான் சொன்னேன், சீக்கிரம் போகணும்னு."

சாமுண்டீஸ்வரி எழுந்து வெளியே வந்தாள். எதிர்க்கடையில் டீயை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு மேடம்" என்றான் வேம்புலி. "அந்த வழுக்கைதான். ஆலைக்காரன்கிட்ட சண்டை போட்டுக்கினு அவரே வந்து அடிச்சிட்டு, கொழந்தைங்க மேல போடறாரு."

"அவருக்கு அந்த மெஷினை ஆன் பண்ணவே தெரியாதுடா. ரெண்டு பேரும் பேசினதுல ஒண்ணு காணாமப் போயிருக்கு, கவனிச்சியா?"

"இன்னா காணோம்?"

"ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பையன் ஏன்னு கேட்டேங்கறான். அந்தப் பொண்ணு கேக்கவே இல்லைங்கறா. அந்தப் பொண்ணு N னு சொன்னாருங்கறா. அந்தப் பையன் சொல்லவே இல்லைங்கறான். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அப்போ அவன் வாயிலேர்ந்து கிளம்பின வார்த்தை அவ காதுக்குள்ள போகும்போது என்னவா ஆச்சு?"

வேம்புலி டீயை உறிஞ்சுவதை நிறுத்தினான். அவன் வாய் தானாகவே ஒத்திகை பார்த்தது. பிறகு, "அடக் கடவுளே" என்றான்.

கம்ப்யூட்டர் அறையில் நாலு பேரையும் நிற்க வைத்தாள் சாமுண்டீஸ்வரி. பரந்தாமனைக் கீபோர்டு முன்னால் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு எதுவும் தெரியாது மேடம்."

"தெரிய வேண்டாம். கேள்வியைப் படிங்க. நான் பாஸ்கல் உக்காந்த இடத்துலேர்ந்து சொல்றேன். காதுல விழறதை அடிங்க. எதையும் சேமிக்கப் போறதில்லை, பயப்படாதீங்க."

அவள் கதவோரம் போய் உட்கார்ந்தாள். பாஸ்கல் கெர்னல் கேள்விகளை ஆரம்பித்து வைத்துவிட்டு விலகினான். பக்கத்துப் பட்டறையில் லேத் கீச்சிட்டது. பரந்தாமன் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் Y என்றாள், அடித்தார். N என்றாள், அடித்தார். மறுபடியும் Y. அவருக்கே ஒரு தாளம் வந்துவிட்டது.

"மவுஸ் சப்போர்ட்?" என்று படித்துவிட்டு, பரந்தாமன் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், ஆலைக்காரங்க வர்ற நேரம். நான் வாசல்ல போய் நிக்கணும்."

"ஏன்?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

பரந்தாமன் N அடித்தார். அடுத்த கேள்வியைப் படிக்க வாயைத் திறந்தார்.

"நிறுத்துங்க சார்! மவுஸை ஏன் வேணாம்னுட்டீங்க?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்?"

"N னு சொன்னீங்க."

"நான் ஏன்னு கேட்டேன் சார். வாசல்ல ஏன் போய் நிக்கணும்னு கேட்டேன். அது உங்க காதுல எழுத்தா விழுந்துச்சு. வாழ்த்துகள். கெர்னலைக் கெடுத்த மூணாவது ஆள் நீங்கதான்."

பரந்தாமன் தன் விரலையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி எழுந்து வந்தாள். "என், ஏன். எ குறில், ஏ நெடில். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு மாத்திரைதான் வித்தியாசம். பக்கத்துல லேத் ஓடினா அந்த ஒரு மாத்திரையும் போயிடும். எக்ஸ்சேஞ்சுல இதனால எத்தனை சண்டை பார்த்திருக்கேன் தெரியுமா?"

"அந்த ஒரு மாத்திரை எந்த மெடிக்கல் ஷாப்புல மேடம் கெடைக்கும்?" என்றான் வேம்புலி.

அவள் அவனைக் கவனிக்கவில்லை. "சௌந்தரி கார்டுக் கேள்வியைப் படிச்சா. படிச்சிட்டு, சீக்கிரம் போகணும்னா. பாஸ்கல் கேள்வியை மறந்துட்டு, அக்கறையா ஏன்னு கேட்டாரு. அவ அதைக் கார்டுக்குப் பதில்னு நினைச்சு அடிச்சிட்டா. கார்டுக்கு அவரு பதிலே சொல்லலை. இதுல சதியும் இல்லை, சதிகாரரும் இல்லை."

பரந்தாமனுக்கு உயிர் வந்தது. பாஸ்கல் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே பல்லைக் காட்டினான். "பார்த்தியா சௌந்தரி? நீயும் பண்ணலை, நானும் பண்ணலை!"

சௌந்தரி சிரிக்கவில்லை.

"அப்போ நீங்க பண்ணலையா?"

"இல்லவே இல்லை."

"எனக்காகப் பண்ணலை?"

பாஸ்கல் இன்ஜினியர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகியவன். "சேச்சே, ஓடற மெஷினை யாராவது கெடுப்பாங்களா?" என்றான்.

வேம்புலி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ரெண்டு நாளா நான் தூங்கலை, தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சௌந்தரி. "பயத்துல இல்லை. சந்தோஷத்துல. நான்தான் பண்ணேன்னு நீங்க நினைச்சீங்க. நீங்கதான் பண்ணீங்கன்னு நான் நினைச்சேன். ரெண்டுல ஒண்ணாவது நிஜமா இருந்திருக்கலாம். போங்க. நல்லபடியா கோயமுத்தூர் போயிட்டு வாங்க. ஓலையைத் தள்ளிப்போடச் சொல்லி ஃபாதர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சௌந்தரி…"

"மெஷினைத் தயார் பண்ணலாமா சார்? ஆலைக்காரங்க வந்துடுவாங்க" என்று அவள் பரந்தாமனிடம் கேட்டுவிட்டு, கீபோர்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது மெட்ராஸ் ஐ இல்லை.

பரந்தாமன் இருவரையும் பார்த்தார். இதில் தனக்கு வேலையில்லை என்று புரிந்துகொண்டு வாசல் பக்கம் ஓடினார்.

"மேடம்" என்றான் வேம்புலி மெதுவாக. "கேஸை முடிச்சு, கல்யாணத்தையும் முடிச்சுட்டீங்களே."

சாமுண்டீஸ்வரிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் எத்தனையோ பொய்களை உடைத்திருக்கிறாள். இவ்வளவு அழகான பொய்யை உடைத்ததில்லை. காட்டிக்கொள்ளாமல், "இந்தத் தடவை Y, N எதுவும் வேண்டாம். வேணும், வேணாம்னே தமிழ்ல சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்கல் கதவோரம் போய் உட்கார்ந்தான். சௌந்தரி படிக்க ஆரம்பித்தாள். ரேஷன் கடையில் கார்டைக் கூப்பிடுவது போன்ற குரல். அவன் வேணும் என்றால் அடித்தாள். வேணாம் என்றால் அடித்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்விகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

"மல்டிபோர்ட் கார்டு சப்போர்ட்" என்று படித்தாள்.

பாஸ்கலின் கை கறுப்புக் கண்ணாடிக்குப் போனது.

"மல்டிபோர்ட் கார்டு சப்போர்ட்" என்றாள் மறுபடியும், இன்னும் சத்தமாக.

பாஸ்கல் எழுந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"வேணாம்" என்றான்.

லேத் சத்தத்தைத் தாண்டி அது தெளிவாகக் கேட்டது. வேம்புலி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். சௌந்தரி முதல் முறையாகத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"வேணாம்னு சொன்னேன். கார்டும் வேணாம், கோயமுத்தூரும் வேணாம். வேலை போனா போகட்டும். அடி, சௌந்தரி."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தமும், பரந்தாமன் யாரையோ வாங்க வாங்க என்று அழைப்பதும் கேட்டன. சௌந்தரி அந்தச் சிவந்த கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்கிரீன் பக்கம் திரும்பி, நிதானமாக Y அடித்தாள்.

"நான் வேணாம்னு சொன்னேனே" என்றான் பாஸ்கல்.

"கேட்டுச்சு" என்றாள் சௌந்தரி. "ஞாயித்துக்கிழமை முதல் பூசையில ஓலை படிக்கறாங்க. லேட் பண்ணாம வந்துடுங்க. அடுத்த கேள்வி, பிரிண்டர் சப்போர்ட்."